மரம் வெட்டிய பிறகு முற்றத்தில் மிஞ்சியவை: கெடு பார்த்து ஒழுங்குசெய்த விவரம்

மேற்குக் குமரியில் மரம் வெட்டக் கூலி பேசும்போது, அந்தப் பேச்சு பெரும்பாலும் மரம் தரையில் விழும் வரைக்குமே போகும். தடி வியாபாரி தமக்கு ஆகும் உருட்டுகளை அளந்து அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கொப்பு, இலை, தோல், மரத்தூள், மண்ணுக்குள் நிற்கும் மூடு (அடிக்கட்டை), யாரும் விலை சொல்லாத தென்னந்தடி ஆகிய அனைத்தும் வீட்டுக்காரர் பொறுப்பில் வந்து சேரும். வெட்டுவதற்கு முன் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றவை மரங்கள் என்றால், வெட்டிய பின் அதைவிட மூன்று மடங்கு இடத்தை அடைப்பவை இந்த மிச்சங்கள். அருமனைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு விளையில் இரண்டு தென்னை, கிணற்றடியில் நின்ற ஒரு பலா, ஓட்டுக்கூரைமேல் சாய்ந்திருந்த ஒரு மா, கிழக்குக் கையாலையை (எல்லைச்சுவர்) ஒட்டிப் பால் வற்றிப்போன சில ரப்பர் மரங்கள் ஆகியவற்றை இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்கு முன்பாக எடுத்தோம். அதன்பின் செய்த வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமாக நம்மவர்கள் கண்ணை உறுத்துவதை முதலில் அகற்றுவார்கள்; அதாவது, வழியில் கிடக்கும் கொப்பும் இலையும் முதலில் போகும், ஓரமாக உருட்டிவிடப்பட்ட தடி கடைசிவரை கிடக்கும். நான் அந்த வரிசையை ஏற்கவில்லை. வெட்டிய மரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. சில பாகங்கள் கெடு தாண்டினால் பயனற்றுப் போகும். சில பாகங்கள் கெடு தாண்டினால் பக்கத்தில் உயிரோடு நிற்கும் மரத்தையும் வீட்டில் இருப்பவர்களையும் பாதிக்கும். காய்ந்த இலை பார்ப்பதற்கு அலங்கோலமாக இருந்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஓரமாக அடக்கமாகக் கிடக்கும் தென்னந்தடி காத்திருக்காது. ஆகவே கெடு குறைந்ததை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்து, மெஷின் வாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு இடங்களைக் கயிறு கட்டிப் பிரித்து, விழுகிறவற்றை அங்கங்கே இழுத்துப் போடச் செய்தேன். ஒருமுறை கலந்து குவித்துவிட்டால் பின்பு கொப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிரிப்பதற்கே தனிக்கூலி கேட்கும்.

மணிக்கணக்கில் கெடு வைத்திருந்தவை இரண்டு. ஒன்று தென்னங்குருத்து. சாய்வின் காரணமாக மட்டும் வெட்டப்பட்ட தென்னையின் மண்டையைப் பிளந்து உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தை எடுத்தோம். காற்றுப் பட்டால் சீக்கிரமே பழுப்பேறிவிடும் என்பதால் அன்றே அக்கம்பக்கத்துக்கும் பங்கிட்டாயிற்று. அண்மையில் வேர்வழியாகவோ குருத்திலோ பூச்சிமருந்து கொடுக்கப்பட்ட மரமாக இருந்தால் அதைத் தின்னக் கூடாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று, மாமரத்தின் பொந்துக்கொப்புக்குள் இருந்த சிறுதேனீக் கூடு. மரப்பிசினும் மெழுகும் கலந்து செய்த, சுண்டுவிரல் தடிமனுள்ள குழல்வாசல் ஒன்று பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், வாள் வைப்பதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ள முடிந்தது. கொப்பைக் கயிற்றில் கட்டி இறக்கி, பொந்தின் இரு புறமும் விட்டு அறுத்து, திறந்த முனைகளைப் பிசைந்த களிமண்ணால் அடைத்து, வாசல் முன்பு எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையைப் பார்க்கும்படி இறவாரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். எறும்பு ஏறுவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். கட்டிய கயிற்றில் வேப்பெண்ணெய் தடவியதும் அதற்காகத்தான். மார்த்தாண்டத்தைச் சுற்றித் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் நிறைய உண்டு. நமக்குக் கை வராது என்றால் அவர்களில் ஒருவரை அழைப்பதே முறை.

ரப்பர் தடியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாலும் மாவுச்சத்தும் நிறைந்த அந்த மரத்தில், வெட்டிய சில நாட்களிலேயே நீலக்கறைப் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் புகுந்துவிடும். கேரளத்துப் பெரும்பாவூரில் இருக்கும் பிளைவுட் ஆலைகளுக்கு எல்லை தாண்டிப் போகும் தடி புதிதாக இருந்தால்தான் விலை உண்டு. எனவே வியாபாரியின் வண்டி வரும் நாள் உறுதியான பின்பே ரப்பரை வெட்டுவதற்கு நாள் குறித்தேன். சுற்றளவு குறைந்த கொப்புகள் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்கியிருந்த கம்பிகளைத் தடியிலிருந்து முன்கூட்டியே பிடுங்கிவிட வேண்டும். அறுப்பு மில்லில் வாள் ஒருமுறை இரும்பில் பட்டால், அந்த வாளின் விலையைப் பற்றிய பேச்சு நம் பக்கம் திரும்பும். மரத்தடியில் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்த பழைய சிரட்டைகளையும் பிளாஸ்டிக் கிண்ணங்களையும் அன்றே பொறுக்கிச் சாக்கில் கட்டினேன். ரப்பர் தோட்டங்களில் பால் எடுக்கும் சிரட்டையில் மழைநீர் நின்று ஏடிஸ் கொசு பெருகுவது இந்தப் பகுதி முழுவதும் அறிந்த தொல்லை. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரையே ஆகும்.

தென்னைதான் அதிக வேலை வாங்கியது. அந்த இரண்டில் ஒன்று சிவப்புக் கூன்வண்டால் போன மரம். இந்த வண்டு மரத்தில் ஏற்கெனவே இருக்கும் காயத்திலும் வெட்டுவாயிலும் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று உள்ளேயே வளரும் என்பதால், நடுக்குருத்து வாடும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. முற்றிய நிலையில் தடியில் காதை வைத்தால் உள்ளே கறுகறுவென்று கடிக்கும் ஓசை கேட்கும். வெட்டி வீழ்த்திய பிறகு அந்த மண்டையைக் கோடாலியால் பிளந்து பார்த்தபோது, குருத்து இருக்க வேண்டிய இடத்தில் புளித்த கள்ளின் வாடையுடன் பழுப்பான கூழும், அதற்குள் காலில்லாத மஞ்சள் நிறப் புழுக்களும், தென்னை நாரையே இழுத்து விரல்நீளத்துக்கு இறுக்கமாகச் சுற்றிய கூடுகளும் இருந்தன. ஒரு கூட்டைப் பிரித்ததில், மூக்கு நீண்ட செந்நிற வண்டு ஒன்று பறக்கத் தயாரான நிலையில் இருந்தது. இப்படிப்பட்ட மண்டையை அப்படியே குப்பையில் போடுவது, வண்டுகளை வளர்த்துப் பக்கத்து விளைக்கு அனுப்புவதற்குச் சமம். பிளந்து, துண்டாக்கி, காய்ந்த கொதும்பையும் (பாளை உறை) மட்டையையும் அடுக்கி முழுவதும் சாம்பலாகும் வரை எரித்தேன். நான் தீ வைத்தது இந்த ஒன்றுக்கு மட்டுமே.

தீயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை வீட்டுக்காரர் தம் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்து உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறைப்படி அகற்ற வேண்டும் என்றன. தெருவிலோ பொது இடத்திலோ போடுவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் தடுத்தன. விதியை ஒரு பக்கம் வைத்தாலும், ஈர இலையை எரித்தால் வருவது புகைதான். ஓட்டுவீட்டில் அது ஓட்டிடுக்கு வழியாக உள்ளே இறங்கித் துணிமணி வரைக்கும் ஏறிவிடும். மேலும் இந்த விளையின் மண் புளிப்பான செம்மண். அதற்கு வேண்டிய மக்கை எரித்துவிட்டுப் பிறகு உரம் வாங்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மண்டையை எரித்ததில் கிடைத்த சாம்பலை, உயிரோடு நிற்கும் தென்னைகளின் வட்டத்தில் தூவினேன். சாம்பல்சத்து தென்னைக்கு வேண்டியது; அதோடு மண்ணின் புளிப்பையும் சிறிது குறைக்கும்.

இனித் தென்னந்தடி. ஈரத்தில் கிடந்து உளுக்கும் தென்னந்தடிதான் காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடங்களில் முதன்மையானது. சாணக்குழியும் மக்கிய குப்பையும் அடுத்தபடி. முட்டையிலிருந்து வண்டாவதற்கு ஏறத்தாழ ஐந்தாறு மாதங்கள் ஆகும் என்பதால், இடவப்பாதி மழையில் நனைந்த தடி அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே வண்டுகளை வெளியே விடும். அவை விரியாத குருத்தைத் துளைக்கும். பின்பு அந்த ஓலை விரியும்போது கத்தரியால் விசிறிபோல வெட்டிவிட்டது போன்ற தோற்றம் வரும். அந்தத் துளைவாயில்தான் கூன்வண்டும் வந்து முட்டையிடும். ஆக, ஒரு தடியை ஓரமாக உருட்டிவிட்டால் இரண்டு பூச்சிகளுக்கும் வழி திறந்துவிடுகிறோம். வெட்ட வந்த மூத்தவர், கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுகூட, "சாரே, வேற எது கெடந்தாலும் கெடக்கட்டு, தென்னந்தடிய மட்டும் மழையில விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தென்னந்தடியை விறகாக்குவது பலா, மா போன்ற மரங்களைப் பிளப்பதிலிருந்து வேறுபட்டது. அதற்கு வெளிப்புறம் இரும்பு போலவும் நடு மென்மையாகவும் இருக்கும். ஆண்டு வளையமோ வைரமோ கிடையாது. கோடாலியை நடுவில் போட்டால் சோற்றுக்குள் புதைந்து நின்றுவிடும். முழ நீளத் துண்டுகளாக அறுத்து நிறுத்தி, விளிம்பிலிருந்து இரும்பு ஆப்பை இறக்கினால் நார்ப்போக்கிலேயே சிம்பு சிம்பாகப் பிரியும். வாள்பல் சீக்கிரம் மழுங்குவதால் இடையிடையே அரம் போட வேண்டியிருந்தது. அடிப்பக்கம் நன்றாக முற்றியிருந்த தடியிலிருந்து சில கழுக்கோல்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்சட்டம்) ஆகும் அளவு கிடைத்தது. பழைய ஓட்டுவீடுகளில் தென்னங்கழுக்கோல் இன்னும் உறுதியாக நிற்பதைப் பார்த்திருப்பதால், அதை ஆசாரியிடம் கொடுத்து, வெளிச்சுற்றுக் கறுப்பு நார் மட்டும் மிஞ்சும்படி செதுக்கி வாங்கினேன். நடுச்சோறு காய்ந்தால் எடையே இருக்காது. அடுப்பில் போட்டால் நொடியில் எரிந்து போகும். பிளந்த துண்டுகளைச் சுவரில் சாய்க்காமல், செங்கல் வரிசைமேல் காற்றோட்டமாக அடுக்கி மேலே தகரம் மூடினேன். சுவரை ஒட்டி அடுக்கினால் கறையானுக்கு வீட்டுக்குள் ஏற ஒரு பாலம் கிடைத்துவிடும். விரியனும் தேளும் இடுக்கில் ஒதுங்கும். குவியலைக் கிளறும்போது முதலில் கம்பால் தட்டுவதும், கையுறையும் மூடிய செருப்பும் போட்டுக்கொள்வதும் இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தென்னை மூட்டைத் தோண்டாமல் விட்டுவைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். அது தளிர்க்காது, ஆனால் மெல்ல உளுக்கும், நடு குழிந்து தண்ணீர் தேங்கும், வெட்டுவாயின் வாடைக்குக் கூன்வண்டு வரும். எனவே மூட்டைச் சுற்றிக் கிடங்கு எடுத்து, கயிறு தடிமனுள்ள வேர்களை வெட்டோத்தியால் அரிந்து, பாரையால் நெம்பிப் புரட்டினோம். தென்னைக்கு ஆணிவேர் இல்லை; ஆயிரக்கணக்கான வேர்கள் ஒரே தடிமனில் பக்கவாட்டில் ஓடும். ஆகவே வேலை அலுப்பானதே தவிரக் கடினமானதல்ல. ஜேசிபி வந்திருந்தால் சற்று நேரத்தில் முடிந்திருக்கும். எங்கள் இடவழி அதற்குப் போதாது. பெயர்த்த மூட்டை ஆப்பு வைத்து நான்காகப் பிளந்து வெயிலில் போட்டேன். தஞ்சாவூர் வாடல் நோயால் போன மரமாக இருந்தால், கேனோடெர்மா பூஞ்சை மண்ணிலும் வேரிலும் தங்கிப் பரவும் என்பதால் மூட்டைத் தோண்டுவது கட்டாயமாகும். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் கவனிக்கப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

ஓலை, கதம்பை (தேங்காய் உரிமட்டை), இலை ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் கெடு இருந்ததால் நிதானமாகச் செய்ய முடிந்தது. ஈர்க்குக்காகச் சில ஓலைகளை வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். கொதும்பும் சில்லாட்டையும் (மட்டையடி வலைநார்) தீ மூட்டுவதற்கு மழைக்காலம் முழுவதும் ஆகும் என்பதால் கூரைக்கு உள்ளே ஏற்றினேன்; வெளியே கிடந்தால் கொதும்பு ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓலையின் அடிமட்டையை வெட்டி விறகில் சேர்த்துவிட்டு, மீதியைத் துண்டாக்கி மண்புழு உரக்குழியில் போட்டேன். காசர்கோட்டில் 1916-இல் தென்னை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி இன்று மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமாக இருக்கும் நிறுவனம், தென்னை ஓலையைத் தின்னக்கூடிய யூட்ரிலஸ் வகை மண்புழுவை வைத்து இந்த முறையை உருவாக்கியது. எடையில் 10 பங்கு ஓலைக்கு 1 பங்கு சாணம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. சாணத்தைக் கரைத்துத் தெளித்து, முதலில் வரும் சூடு முழுவதும் தணிந்த பிறகே புழுவை விட வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று மாதங்களில் தேயிலைத் தூள் போன்ற உரம் கிடைக்கும். எலியும் கோழியும் கிளறாமல் இருக்க மேலே வலை போட்டேன்.

இந்தக் குழியே காண்டாமிருக வண்டுக்கும் இடமாகிவிடக் கூடும் என்பதால், உரத்தைப் புரட்டும்போதெல்லாம் கண்ணை அதில் வைத்திருந்தேன். பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு கிடக்கும் கட்டைவிரல் தடிமனுள்ள வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடலாம். பழைய சாணக்குழியில் மட்டும் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் கரைத்து ஊற்றினேன். பூஞ்சை தாக்கிய புழு முதலில் விறைத்து வெண்மையாகிப் பின்பு பச்சைத் தூள் பூசியது போல ஆகிவிடும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்புக் கட்டியைத் தொடுவது போன்றே இருக்கிறது. ஈரம் இருந்தால்தான் பூஞ்சை வேலை செய்யும். ஆகையால் கோடையில் ஊற்றிப் பயனில்லை.

கதம்பையை, நிற்கும் தென்னைகளிலிருந்து ஆறடி தள்ளி வட்டக் கிடங்கு எடுத்து, உட்புறம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் போட்டு மூடினேன். அது தன் எடையைப்போலச் சில மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டுகள் வரை மண்ணுக்குள் பயன் தரும். மாவிலையும் ரப்பர் இலையும் வாழையடியில் மூடாக்காயின. மரத்தூளின் விஷயத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். தூளில் கரிச்சத்து மிகவும் கூடுதல், தழைச்சத்து மிகவும் குறைவு. அதை மண்ணோடு கலந்து கிளறினால், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளாகும். மண்ணின் மேலே பரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே வழிநடையில் பரப்பினேன். வாள்சங்கிலிக்கு ஊற்றிய எண்ணெய் ஊறியிருந்த தூளைக் கீரைப்பாத்திப் பக்கமே கொண்டுபோகவில்லை.

பலாத்தடி விற்பனைக்கு அன்று. கதவுக்கும் நிலைக்கும் ஆகட்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். வைரப் பகுதியின் மஞ்சள் நிறம் அவ்வளவு அழுத்தமானது; தென்கிழக்காசிய நாடுகளில் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றுவதற்குப் பலா வைரத்தைக் காய்ச்சியிருக்கிறார்கள். முற்றத்துச் சிமெண்டுத் தளத்தில் கிடந்த பலாத்தூள் ஒரு சாரலில் நனைந்ததும், மஞ்சள் தண்ணீர் ஓடிக் கறை பிடித்தது. உடனே தேய்த்துக் கழுவினால் போகும், காயவிட்டால் போகாது. துணிக்கொடி கட்டுவதற்காக எப்போதோ அடித்த ஆணி ஒன்று உள்ளே புதைந்திருந்ததை மரமே காட்டிக்கொடுத்தது: மஞ்சள் மரத்தில் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் மைநீலக் கறை நீளவாக்கில் ஏறியிருந்தது. ஆணியைச் செதுக்கி எடுத்த பின்பே மில்லுக்கு அனுப்பினேன். வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. ஆனால் சுற்றியிருக்கும் வெள்ளையை விடாது. எனவே பலகை அறுக்கும்போதே வெள்ளையைக் கழித்துவிடச் சொன்னேன். பலகைகளின் இரு முனையிலும் பழைய பெயிண்ட் அடித்து, இடையில் ரீப்பர் வைத்து, விறகுப்புரையின் நிழலில் அடுக்கியிருக்கிறது. முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் அங்கிருந்து வெடிப்பு ஓடும் என்பதே பெயிண்டுக்குக் காரணம். ஆசாரி அடுத்த வேனில் முடியும் வரை உளியைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

பலாவின் மூட்டைத் தோண்டவில்லை. கிணற்றின் உறையைச் சுற்றி அதன் வேர் பிடித்திருப்பதால், நெம்பினால் உறை அசையக் கூடும். வேர் பிடித்து வைத்திருக்கும் மண்ணும் கிணற்றுக்குள் இறங்கும். தரைமட்டத்துக்கு அறுத்து, மேற்பரப்பில் தச்சர் துளைக்கோலால் ஆழமான துளைகள் போட்டு, சாணக்கரைசலை நிரப்பி, மேலே மண்ணும் மாவிலையும் மூடி ஈரமாக வைத்திருக்கிறேன். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் தழைச்சத்தும் இருந்தால் வேலை விரைவாகும் என்பதே இதன் அடிப்படை. உப்பும் டீசலும் ஊற்றச் சொன்னவர்கள் உண்டு. குடிதண்ணீர்க் கிணற்றுக்கு இரண்டடி தள்ளி அவற்றை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பலா மூடு தளிர்க்கும்; தளிர் விரல்நீளம் ஆவதற்குள் கிள்ளிவிட்டால், வேரில் இருக்கும் சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். ரப்பர் மூடுகளை மட்டும், அந்த இடத்தில் மாங்கன்று நடப்போவதால் பக்கவேரோடு பெயர்த்தெடுத்தோம். செத்த மூட்டில் தங்கும் வேரழுகல் பூஞ்சை, வேரோடு வேர் உரசும் இடத்தில் புதுக்கன்றுக்கும் தாவும்.

பெயர்த்த குழிகளை மரத்துண்டும் குப்பையும் போட்டு நிரப்பச் சொல்லி வேலைக்கு வந்தவர்கள் எளிய வழி காட்டினார்கள். நடைபாதையோ சுவரோ வரவிருக்கும் இடத்தில் அது ஆகாது. உள்ளே இருப்பது உளுக்க உளுக்கத் தளம் இறங்கும், கறையானும் குடியேறும். வேர்த்துண்டுகளை இயன்றவரை பொறுக்கிவிட்டு, மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, தரைக்குமேல் ஒரு சாண் உயரம் கூட்டி விட்டிருக்கிறேன். இடவப்பாதி மழையில் அது பாதிக்குமேல் இறங்கிவிட்டது. ஐப்பசி மழையும் பெய்து முடிந்த பிறகு மட்டம் பார்த்து, மிச்சத்தை நிரப்பிச் சிமெண்டுக் கல் பதிக்க வேண்டும்.